கருணாபுரத்தை ஏச வீரரைத் துணைக்கு அழைக்கலாமா?

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூன் 18 அன்று பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் மறுநாளிலிருந்து ஒருவர் பின் ஒருவராக இறக்கத் தொடங்கினார்கள். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று மருத்துவமனை மருத்துவமனையாகச் சேர்த்தும் சாவு எண்ணிக்கை 60-ஐத் தாண்டியது. இறந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்கப்படும் என்று தமிழக அரசு அறிவித்ததும், பிணங்கள் அடக்கமாவதற்கு முன்பே ஒரு கேள்வி கிளம்பிவிட்டது. எல்லையில் சாகிற ராணுவ வீரனுக்கே இவ்வளவு கிடைக்காது, குடித்துச் செத்தவனுக்குப் பத்து லட்சமா? டீக்கடையில் கேட்டார்கள், பேருந்தில் கேட்டார்கள், படித்தவர்கள் வாட்ஸ்அப்பில் கேட்டார்கள்.

அந்தக் கேள்வியின் இன்னொரு வடிவம் நீதிமன்றம் வரை போனது. இழப்பீட்டை எதிர்த்து சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடரப்பட்டது. இறந்தவர்கள் விடுதலைப் போராட்ட வீரர்களோ சமூகத்துக்காக உயிர் கொடுத்தவர்களோ அல்லர் என்பது மனுவின் வாதம். 2024 ஜூலையில் அதை விசாரித்த அமர்வும் தொகை அதிகம் என்ற எண்ணத்தை வாய்மொழியாக வெளியிட்டது.

இழப்பீடு எவ்வளவு இருக்கலாம் என்பதில் நியாயமான கருத்து வேறுபாடு உண்டு. அதைப் பற்றி வாதாடுவது என் நோக்கமன்று. அந்த வாதத்துக்குள் ராணுவ வீரரை இழுத்து வந்த விதம்தான் என்னை உறுத்துகிறது. அந்தப் பேச்சில் வந்த வீரருக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை, அவர் எந்த மலையில் எப்படி விழுந்தார் என்ற விவரம் இல்லை. ஏழைகளை அடிக்க ஒரு கோல் தேவைப்பட்டது. வீரர் கைக்கு எட்டினார். வீரரை உண்மையிலேயே மதிக்கிறவர்கள் இப்படிப் பேச மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அதை விளங்கச் சொல்ல வேண்டுமானால், பெயரும் ஊரும் உள்ள ஒரு வீரரிடம் போக வேண்டும்.

ராமநாதபுரம் மாவட்டம் திருவாடானை வட்டத்தில் கடுக்கலூர் என்று ஒரு கிராமம். வானம் பார்த்த பூமி. அந்த ஊரைச் சேர்ந்த பழனி பதினெட்டு வயதில் ராணுவத்தில் சேர்ந்தார். 22 ஆண்டுகள் பணியாற்றி ஹவில்தார் ஆனார். அவருடைய தம்பியும் ராணுவத்தில்தான் இருந்தார். பழனி இருந்தது 81-ஆவது ஃபீல்டு ரெஜிமென்ட், பீரங்கிப் படை. தூரத்துக் குறியைக் கணக்கிட்டுச் சுடுவதுதான் அந்தப் படைக்காரர்களின் தொழில். அப்படிப்பட்டவர் 2020 ஜூன் 15 இரவு, லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில், துப்பாக்கிச் சத்தமே இல்லாத ஒரு சண்டையில் உயிரை விட்டார்.

அந்தச் சண்டையில் ஏன் துப்பாக்கி இல்லை என்பது நம்மில் பலருக்கு இன்றும் தெரியாது. இந்தியாவும் சீனாவும் 1996-இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் எந்தத் தரப்பும் சுடக் கூடாது, வெடிபொருள் பயன்படுத்தக் கூடாது. 1975-இல் அருணாசலத்தின் துலுங் லாவில் அசாம் ரைபிள்ஸ் வீரர்கள் நால்வர் கொல்லப்பட்ட பிறகு அந்தக் கோட்டில் சண்டையில் உயிர் போனதில்லை. 2020 மே மாதம் முதல் லடாக்கில் இரு படைகளும் முகத்துக்கு முகம் நின்றன. ஜூன் 6 அன்று தளபதிகள் பேசி, விலகிச் செல்ல ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டபடி சீனத் தரப்பு விலகியதா என்று பார்க்கப் போன இடத்தில்தான் மோதல் மூண்டது.

ஏறக்குறைய 14,000 அடி உயரம். மூச்சு வாங்கும் காற்று. ஜூன் மாதத்திலும் இரவில் உறையும் குளிர். கீழே பனி உருகி ஓடும் கல்வான் ஆறு. ஆணி அடித்த தடிகள், இரும்புக் கம்பிகள், மேலிருந்து உருண்டு வரும் கற்கள். மணிக்கணக்கில் நடந்தது அந்தச் சண்டை. அடிபட்டு ஆற்றில் விழுந்தவர்களைக் குளிரே கொன்றது. 16-ஆவது பிகார் படைப்பிரிவின் தளபதி கர்னல் சந்தோஷ் பாபு உட்பட 20 பேர் இறந்தார்கள். பழனி கூர்மையான ஆயுதங்களோடு வந்தவர்களுக்கு எதிரே நின்று, தோழர்களைக் காக்க முயன்றார், படுகாயமடைந்த பிறகும் இடத்தை விட்டு நகரவில்லை, அவரைப் பார்த்து மற்றவர்கள் இன்னும் மூர்க்கமாகப் போரிட்டார்கள் என்கிறது அவருக்கான விருதுக் குறிப்பின் சாரம்.

பழனி எத்தனை பேரை வீழ்த்தினார் என்ற கணக்கு அந்தச் சாரத்தில் முன்னே வரவில்லை. பக்கத்தில் நின்றவர்களைக் காக்கப் பார்த்தார் என்பதுதான் வருகிறது. நான் படித்த பல விருதுக் குறிப்புகளில் இது திரும்பத் திரும்ப வரும் செய்தி. 1999 மே 29 அன்று கார்கிலின் படாலிக் பகுதியில் விழுந்த திருச்சி மேஜர் சரவணனின் உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. உடலை விட்டுவிட்டு வர மனமில்லாமல் தோழர்கள் திரும்பத் திரும்ப முயன்றார்கள். போர்க்களத்து வீரம் என்று நாம் பாராட்டுவதில் பெரும்பகுதி இந்த ஒட்டுதல்தான். தன் பக்கத்தில் இருக்கிறவன் யார், எந்த ஊர், என்ன சாதி, அவன் காப்பாற்றத் தகுந்தவனா என்று விசாரித்துவிட்டு யாரும் குறுக்கே பாய்வதில்லை.

பழனியின் உடல் மதுரைக்கு விமானத்தில் வந்து, கடுக்கலூரில் ராணுவ மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்த நாள் 2020 ஜூன் 18. கருணாபுரத்தில் அந்தப் பாக்கெட்டுகள் பிரிக்கப்பட்டது சரியாக நான்கு ஆண்டுகள் கழித்து அதே தேதியில். நான்காம் நினைவு நாளில் கடுக்கலூரை நினைத்தவர்கள் தமிழ்நாட்டில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஆனால், அடுத்த சில நாட்களில் 'எல்லையில் சாகிற வீரன்' எல்லார் வாயிலும் இருந்தார்.

2021 குடியரசு நாளன்று பழனிக்கு வீர் சக்ரா அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டு நவம்பரில் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்திடமிருந்து அவர் மனைவி அதைப் பெற்றுக்கொண்டார். எதிரியின் முன்னிலையில் காட்டிய வீரத்துக்கான விருதுகள் மூன்று: பரம்வீர் சக்ரா, மகாவீர் சக்ரா, வீர் சக்ரா. சந்தோஷ் பாபுவுக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. கல்வானில் பழனியோடு சேர்த்து ஐவருக்கு வீர் சக்ரா. அவர்களில் ஹவில்தார் தேஜிந்தர் சிங் ஒருவர்தான் உயிரோடு வந்து பதக்கம் வாங்கியவர். வெள்ளியில் ஐந்து முனை நட்சத்திரம், பாதி கருநீலமும் பாதி காவியுமான நாடா. 2017 ஆகஸ்ட் முதல் வீர் சக்ராவுக்கு மாதப்படி 7,000 ரூபாய்; பரம்வீர் சக்ராவுக்கு 20,000. மாநில அரசுகள் தரும் ரொக்கம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. பஞ்சாபிலும் அரியானாவிலும் கோடிகளில் போகிறது.

பணக் கணக்கு என்று வந்துவிட்டதால் அதையும் நேர் செய்துவிடலாம். வீரருக்குக் குறைவு, குடித்தவருக்கு அதிகம் என்பது உண்மையன்று. பழனியின் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாயும் ஒருவருக்கு அரசு வேலையும் என்று அப்போதே தமிழக அரசு அறிவித்தது. இதற்கு மேல் மத்திய அரசின் கருணைத்தொகை, காப்பீடு, சண்டையில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கான சிறப்பு ஓய்வூதியம் எல்லாம் உண்டு. அந்த ஓய்வூதியம், வீரர் கடைசியாக வாங்கிய ஊதியத்துக்குச் சமமானது. நாடு செய்ய வேண்டியதைத்தான் செய்கிறது. அதில் குறையிருந்தால் கூட்டித் தரட்டும். ஆனால், இந்த விவரங்களில் ஒன்றைக்கூடச் சரிபார்க்காமல் ஒரு வீரரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்களே, அது அவருக்குச் செய்த மரியாதையா?

வீரருக்காக உண்மையாகவே பரிந்து பேச விரும்புகிறவர்களுக்கு இன்று வேறு ஓர் இடம் இருக்கிறது. 2022 ஜூனில் வந்த அக்னிபத் திட்டத்தில் சேரும் இளைஞருக்கு நான்கு ஆண்டுகள் பணி. அதன் பிறகு அதிகபட்சம் நான்கில் ஒருவர் நிரந்தரமாவார். மற்றவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. அந்த நான்கு ஆண்டுகளுக்குள் ஓர் அக்னிவீரர் பழனியைப் போலவே நின்று மடிந்தால் அவருக்கும் வீர் சக்ரா கிடைக்கும். காப்பீடும் கருணைத்தொகையும் உண்டு. ஆனால், பழனியின் குடும்பத்துக்குக் கிடைக்கும் அந்த ஓய்வூதியம் அவர் குடும்பத்துக்குக் கிடைக்காது. இது சரியன்று என்று நாடாளுமன்றப் பாதுகாப்பு நிலைக்குழுவே 2024-இல் எடுத்துச் சொன்னது. ஒரே பள்ளத்தாக்கில் ஒரே இரவில் ஒரே ஆயுதத்தால் இறந்த இருவரில் ஒருவரின் மனைவிக்கு வாழ்நாள் ஓய்வூதியம், இன்னொருவரின் மனைவிக்கு இல்லை என்ற நிலை. கருணாபுரத்துப் பத்து லட்சத்துக்குக் கொதித்தவர்கள் இதற்குக் கொதித்ததாக என் காதில் விழவில்லை.

வீரரை வைத்துக் குடிமக்களை அடிப்பது நம் நாட்டில் மட்டும் நடக்கிற காரியமும் அன்று. கல்வானில் இறந்த தன் வீரர்களைப் பற்றி எட்டு மாதம் வாய் திறக்காத சீன அரசு, 2021 பிப்ரவரியில்தான் நால்வர் இறந்ததாக ஒப்புக்கொண்டு, அவர்களுக்கு விருதுகளை அறிவித்தது. அந்த எண்ணிக்கையைச் சந்தேகித்து எழுதிய பிரபல வலைப்பதிவர் ஒருவரைக் கைது செய்து, வீரர்களை அவதூறு செய்ததாக எட்டு மாதச் சிறைத் தண்டனை கொடுத்தது. வீரர்களின் புகழுக்குக் களங்கம் விளைவித்தால் மூன்று ஆண்டு வரை சிறை என்று குற்றவியல் சட்டமே திருத்தப்பட்டது. எதிரி நாட்டு வீரர்கள்தான். ஆனாலும் அவர்களும் ஏதோ ஒரு கடுக்கலூரிலிருந்து வந்த பிள்ளைகள். உயிரோடு இருந்தபோது அவர்கள் காத்த மக்களையே, இறந்த பிறகு அவர்கள் பெயரால் சிறையில் தள்ளுகிறார்கள். நம் நாட்டில் சிறை இல்லை, ஏச்சு இருக்கிறது. ஆனாலும் அந்த வழியில் ஓரடிகூட எடுத்து வைக்கக் கூடாது என்பதே என் கவலை.

யார் வீரத்துக்கு உரியவர், யார் அல்லர் என்று பிறப்பையும் ஊரையும் வைத்துப் பிரித்த அநியாயம் தமிழர்களுக்கே நேர்ந்திருக்கிறது. அதை நாம் மறந்துவிட்டோம். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தியாவைப் பிடித்துக் கொடுத்ததில் பெரும்பங்கு மதராஸ் படைக்கு உண்டு. அதில் தெற்கத்தி முஸ்லிம்களும் தெலுங்கர்களும் தமிழர்களும் இருந்தார்கள். சாப்பர்ஸ் எனப்படும் பொறியியல் படைப்பிரிவில் ஆதிதிராவிடர்கள் ஏராளமாக இருந்தார்கள். 1857-க்குப் பிறகு நிலைமை மாறியது. 1881 முதல் 1885 வரை மதராஸ் படைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், பிறகு இந்தியா முழுமைக்கும் தளபதியானார். தெற்கத்தி ஆட்களுக்குப் போர்க்குணம் இல்லை என்பது அவருடைய உறுதியான எண்ணம். போர் இனம், போர் இனம் அல்லாதது என்ற பாகுபாடு கொள்கையாகவே ஆனது. மதராஸ் காலாட்படைப் பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டு, 1930-களின் தொடக்கத்தில் எஞ்சியதும் போயிற்று. தலைமுறை தலைமுறையாகச் சம்பளமும் ஓய்வூதியமும் தன்மானமும் தந்த ஒரு வேலை, வட ஆற்காடு, தென்னாற்காடு, செங்கல்பட்டுச் சேரிகளில் பலருக்கு இல்லாமல் போனது. இன்றைய கள்ளக்குறிச்சி அந்தப் பழைய தென்னாற்காட்டின் ஒரு துண்டு. கருணாபுரத்தில் இறந்தவர்களில் பெரும்பாலோர் ஆதிதிராவிடக் கூலித் தொழிலாளர்கள்.

இரண்டாம் உலகப் போருக்கு ஆள் தேவைப்பட்டதும் தெற்கத்தியர்களுக்குத் திரும்பவும் போர்க்குணம் வந்துவிட்டதாக அரசு கண்டுகொண்டது. மதராஸ் ரெஜிமென்ட் மீண்டும் எழுப்பப்பட்டது. 1944 பிப்ரவரி 24. இத்தாலியில் மிஞ்ஞானோ என்ற இடம். மதராஸ் சாப்பர்ஸ் பிரிவைச் சேர்ந்த செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர் சுபேதார் சுப்பிரமணியன் கண்ணிவெடிகளை அகற்றும் பணியில் இருந்தார். உடன் வந்த ஒருவரால் கண்ணி ஒன்று தூண்டப்பட்டது. வெடிப்பதற்குச் சில நொடிகளே இருந்தன. அந்த நொடிகளில் அவர் அதன் மேல் விழுந்து, தன் உடம்பால் அதை மூடினார். மற்றவர்கள் பிழைத்தார்கள். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் பதக்கம் அளிக்கப்பட்டது. ராபர்ட்ஸின் கொள்கை அந்தச் சில நொடிகளோடு முடிந்துவிட்டது என்று நான் சொல்வேன். ஆனால், சுப்பிரமணியனைத் தமிழ்நாட்டில் எந்தப் பிள்ளைக்குத் தெரியும்?

பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் கதை தமிழர்களுக்கு இன்னும் கடினமானது. இந்திய அமைதிப்படையில் இலங்கைக்குப் போய், 1987 நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணத்தில் விழுந்தவர் அவர். மார்பில் குண்டு பாய்ந்த பிறகும் தன் ஆட்களை வழிநடத்திக்கொண்டே இறந்தார். எதிரில் நின்றவர்களும் தமிழர்கள். அந்தப் போரை அரசு நடத்தியது சரியா என்ற கேள்வி இன்றும் ஆறாத புண். அந்தப் புண்ணால்தான் பரமேஸ்வரனின் பெயரைத் தமிழ்நாடு உரக்கச் சொல்வதில்லை. அரசின் முடிவையும் ஒரு வீரர் தன் ஆட்களுக்குச் செய்ததையும் பிரித்துப் பார்க்கும் பக்குவம் நமக்கு வர வேண்டும். அவர் தலைமை தாங்கியது மஹர் படைப்பிரிவின் வீரர்களுக்கு. படையிலிருந்து விலக்கப்பட்ட, ஒடுக்கப்பட்ட மஹர் சாதியினருக்காக அம்பேத்கர் குரல் கொடுத்து 1941-இல் எழுந்த படைப்பிரிவு அது.

சினிமாவால் தெரியவந்தவர் மேஜர் முகுந்த் வரதராஜன். 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் சோபியானில் தீவிரவாதிகளோடு நடந்த சண்டையில் இறந்து, அசோக சக்ரா பெற்றவர். 2024 தீபாவளிக்கு 'அமரன்' வந்ததும் திரையரங்குகளில் மக்கள் அழுததைப் பார்த்தோம். கூடவே, அவர் என்ன சாதி, படத்தில் அதை ஏன் சொல்லவில்லை என்று ஒரு சண்டையும் நடந்தது. அவரை இந்தியராக, தமிழராகக் காட்டினால் போதும் என்று குடும்பத்தாரே கேட்டுக்கொண்டதாக இயக்குநர் விளக்க வேண்டியிருந்தது. ஒரு வீரரை நம் பக்கத்துக்கு இழுத்துக்கொள்ள எத்தனை விதமான கைகள்!

இத்தனைக்கும், வீரரை எப்படி நினைக்க வேண்டும் என்பதில் கள்ளக்குறிச்சியைச் சுற்றியுள்ள மண்ணுக்கு நீண்ட பழக்கம் உண்டு. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலைக்கு வடக்கே தென்பெண்ணையைத் தாண்டினால் செங்கம் வட்டாரம். தமிழ்நாட்டில் நடுகற்கள் செறிந்து கிடக்கும் பகுதி அது. பெரும்பாலும் மாடு கவரும் சண்டையில் இறந்த சாதாரண ஊர்க்காரர்களின் கற்கள். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சி ஆண்டு, இறந்தவன் யாருடைய மகன், யாரிடம் பணி செய்தவன், எந்த ஊர்க் கால்நடையை மீட்கப் போய் இறந்தான் என்று கல்லில் வெட்டினார்கள். பல்லவ மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர்க் கல் ஒன்றில், எருமைகளை மீட்கப் போராடி மடிந்தவனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்பது அந்த நாயின் பெயர். திருடர் இருவரைக் கடித்து, இறந்த எசமானன் பக்கத்தில் காத்து நின்றதாம். ஏறக்குறைய 1,400 ஆண்டுகளுக்கு முன் ஒரு நாயின் பெயரையும் அது செய்ததையும் விடாமல் எழுதி வைத்த ஊர் இது. பெயரும் செயலும் சொல்லாமல் 'எல்லையில் சாகிற வீரன்' என்று பொதுவாகச் சொல்வது இந்த மண்ணின் வழக்கம் இல்லை.

அந்த நடுகற்களுக்கு எதைப் படைத்தார்கள்? பீலி சூட்டி, கள்ளைப் படைத்தார்கள். அதியமான் இறந்த பிறகு, அவன் நடுகல்லுக்குச் சிறு கலத்தில் கள் ஊற்றுவதைக் கண்டு நெஞ்சு வெடித்து ஔவையார் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் திருக்கோவலூரை ஆண்ட மலையமான் காரியைக் கபிலர் பாடினார். அந்த உலகத்திலும் போர்வீரனும் கள்ளும் ஒரே முற்றத்தில்தான் இருந்தன. குடியை உயர்த்திச் சொல்ல இதை எழுதவில்லை. குடியால் அழிந்த குடும்பங்களைப் பார்த்தவன் அப்படி எழுத மாட்டான். குடித்தவன் ஒரு சாதி, வீரன் வேறு சாதி என்று பிரித்து வைப்பது நமக்கு இருந்த வழக்கம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்றைய ராணுவத்தையே பாருங்கள். கேண்டீன் அட்டையில் வீரருக்கும் முன்னாள் வீரருக்கும் மாதா மாதம் அளவோடு, சலுகை விலையில், சோதிக்கப்பட்ட மது கிடைக்கிறது. கிராமங்களில் 'மிலிட்டரி சரக்கு' என்றால் தனி மரியாதை. கலப்படம் இருக்காது என்ற நம்பிக்கைதான் அதற்குக் காரணம். மூட்டை தூக்கிவிட்டு வருகிற கருணாபுரத்துத் தொழிலாளிக்கு டாஸ்மாக்கின் மலிவான குவார்ட்டரே 2024-இல் 140 ரூபாய். அதில் பாதிக்கும் குறைவான விலையில் பாக்கெட் கிடைத்தது. காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரத்தில் இருக்க, அது அங்கே விற்கப்பட்டது. அதில் இருந்தது கல்வராயன் மலையில் வேலம்பட்டையும் வெல்லமும் போட்டு ஊறவைத்துக் காய்ச்சிய சரக்குகூட இல்லை; தொழிற்சாலைக்குப் போக வேண்டிய மெத்தனால். உடலுக்குள் போனால் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கண் நரம்பைத் தாக்கும். குடித்தவர்களில் சிலர் பார்வையை இழந்தது அதனால்தான். 2023 மே மாதம் மரக்காணத்தில் இதே விஷத்துக்குச் சாவுகள் நிகழ்ந்த பிறகும் ஓராண்டில் அது கள்ளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தது. யாரோ வாங்கினார்கள், யாரோ கடத்தினார்கள், யாரோ பார்த்தும் பார்க்காமல் இருந்தார்கள். 2024 நவம்பரில் உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றியதற்கு இவைதான் பின்னணி. அந்தப் பத்து லட்சம் குடித்ததற்குக் கொடுத்த பரிசு இல்லை. காவல் காக்க வேண்டிய அரசு காக்கத் தவறியதற்கு ஒப்புக்கொண்ட பொறுப்பு. எல்லையில் பழனி தன் காவல் இடத்தை விட்டு நகரவில்லை. கள்ளக்குறிச்சியில் காவலுக்கு வைத்தவர்கள் நகர்ந்துவிட்டார்கள். பழனியை எதிரில் நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டுமென்றால், கேட்க வேண்டியது அவர்களை.

மலைமேல் இருப்பவர்களின் நிலையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் 1976 வரை மூன்று ஜாகீர்தாரர்களின் கீழ் இருந்தார்கள். நாடு விடுதலை பெற்று ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்துதான் அரசு மலையேறியது. கருணாபுரச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் அந்த மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டு, சாலை, மருத்துவம், பள்ளி என்று கேட்கத் தொடங்கியது. சாராயம் காய்ச்சும் மலை என்ற ஒரே அடையாளத்தில் அவர்களை அடைத்து வைத்திருந்தோம்.

என்ன செய்யலாம்? முதலில், மாவட்டம்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் இருக்கின்றன. டிசம்பர் 7 கொடிநாளுக்கு நிதி திரட்டுவதோடு, பதக்கம் பெற்றவர்களின் விருதுக் குறிப்புகளை நல்ல தமிழில் பெயர்த்து அரசுப் பள்ளிகளுக்குக் கொடுக்கட்டும். பெயர், ஊர், நாள், செய்த காரியம்; செங்கத்துக் கல்வெட்டுக்காரர்கள் எழுதிய அதே நான்கு வரி போதும். ஆங்கிலத்தில் டெல்லி கோப்புகளில் கிடக்கும் பழனியின் குறிப்பைக் கள்ளக்குறிச்சிப் பிள்ளைகள் தமிழில் படிக்கட்டும்.

அடுத்தது, கருணாபுரத்தின் பிள்ளைகள். தாய் தந்தை இருவரையும் இழந்த குழந்தைகளுக்குப் படிப்புச் செலவும், 18 வயது வரை மாதம் 5,000 ரூபாயும், 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையும் தருவதாக அரசு உறுதியளித்தது. அந்தப் பணம் ஒழுங்காகப் போய்ச் சேர்வதை மாவட்ட ஆட்சியர் ஆண்டுதோறும் பொதுவில் சொல்ல வேண்டும். உடுமலைப்பேட்டை பக்கம் அமராவதிநகரில் 1962 முதல் சைனிக் பள்ளி நடக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து ராணுவ அதிகாரிகளான பலர் அங்கே படித்தவர்கள். ஆதிதிராவிடர்களுக்கு 15 விழுக்காடும் பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடும் இடங்கள் அங்கே உண்டு. ஆறாம் வகுப்புக்கான அகில இந்திய நுழைவுத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். வயது 10 முதல் 12 வரை. நகரத்துத் தனியார் பயிற்சி மையங்களுக்குத் தெரிந்த இந்தச் செய்தி கருணாபுரத்துக்கும் கல்வராயன் மலையின் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கும் போய்ச் சேர வேண்டும். யாரையும் படைக்குத் தள்ளுவதற்காகச் சொல்லவில்லை. அங்கே படித்துவிட்டு மருத்துவரானாலும் ஆசிரியரானாலும் நல்லதே. நான்காம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பில் விருப்பமுள்ள பிள்ளைகளுக்குக் கணக்கும் பொது அறிவும் மாலையில் ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுக்க, மாவட்டத்தில் ஓய்வுபெற்று வந்திருக்கும் சுபேதார்களும் ஹவில்தார்களும் போதும். அவர்களைக் கேட்டால் வருவார்கள். ஆசிரியர் பற்றாக்குறை என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஆதிதிராவிடர் நலத் துறையும் முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் ஒரே ஆட்சியருக்குக் கட்டுப்பட்டவை. இரண்டு அதிகாரிகள் உட்கார்ந்து பேசினால் வருகிற கல்வியாண்டிலேயே வகுப்பு தொடங்கலாம்.